பூனைக்குட்டி பார்க்கப் போனோம்

சகோதரிகளே, சென்ற இதழில் அரிசி மூட்டையை எலியிடமிருந்து காப்பது பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு கவரைப்பேட்டையிலிருந்து என் நாத்தனார் மகள் போன் செய்தாள்.

"அத்தை, இவ்வளவு எழுதினீங்களே, ஒரு பூனை வளர்த்தா போதும்னு ஒரு வரி எழுதலையே?"

"எலிக்காகக் கேக்கறியா, உன் பையனுக்காகக் கேக்கறியா?" என்றேன்.

சிரித்துவிட்டாள். பையனுக்கு நாலு வயசு. ஒரே பிள்ளை. அப்பா கம்பெனியில் ஷிப்ட் வேலை. வீட்டில் இருக்கும்போது பாதி நேரம் தூக்கத்தில் இருப்பார். விளையாட ஒரு ஜீவன் வேண்டும் என்று பையன் பிடிவாதம். பக்கத்துத் தெருவில் வெள்ளையாக ஒரு குட்டி இருக்கிறதாம், பஞ்சுப் பொதி மாதிரி, கண் திறந்து இரண்டு வாரம்தான் ஆகிறதாம், "நாளைக்கே கொண்டு வந்துடலாமா அத்தை?" என்றாள்.

வெள்ளைக் குட்டி என்றதும் எனக்கு அடிவயிறு பிசைந்தது. "நான் வர்ற வரைக்கும் எதையும் தூக்கிட்டு வந்துடாதே" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

2006-ம் வருஷம். என் பெண்ணுக்கு மூன்று வயசு. நாங்கள் கும்மிடிப்பூண்டியில் சிப்காட்டுக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். லாரிகள் நிற்கும் டீக்கடைக்குப் பின்னால் கிடந்தது என்று எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பாட்டுப் பையில் வைத்து ஒரு குட்டியைக் கொண்டு வந்தார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. நீலக் கண். தெருவே வந்து பார்த்தது. பஞ்சு என்று பெயர் வைத்தோம். குக்கர் விசில் அடித்தாலும் எழுந்திருக்காது, தீபாவளி வெடிக்கும் அசையாது. "என்ன பொறுமை, என்ன சாது" என்று நானே எல்லாரிடமும் பெருமையடித்தேன்.

ஆனால் சாதுவாகத் தூங்கும் அதே பஞ்சு, குழந்தை பின்னாலிருந்து போய்க் கட்டிக்கொண்டால் சீறி எழுந்து பிராண்டிவிடும். முதல் தடவை கையில். அடுத்து முழங்காலில். மூன்றாவது தடவை கன்னத்தில், கண்ணுக்கு அரை அங்குலம் கீழே. கூடவே விரலில் ஒரு கடி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அப்போது ஐந்து ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் அவள் அழுத அழுகை இன்றைக்கும் காதில் இருக்கிறது. "புள்ள இருக்கிற வீட்டுல இந்தச் சண்டிப் பூனை வேணாம்" என்று மாமியார் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் பஞ்சுவைக் கோணிப்பையில் போட்டுக் கட்டி, மீன் மார்க்கெட் பக்கம் கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். நானும் தடுக்கவில்லை.

விஷயம் புரிந்தது 2019-ல். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பூனைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று துணைக்கு நானும் ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிருந்தேன். 1903-ல் தொடங்கிய பழைய கல்லூரி அது. எங்கள் பெஞ்சில் ஒரு வயதான தம்பதி. அவர்கள் மடியில் அச்சு அசல் பஞ்சு மாதிரியே ஒரு பூனை. டாக்டரம்மா அதன் முதுகுப் பக்கம் நின்று கையைத் தட்டினார். காது மடல்கூட அசையவில்லை. "வெள்ளை உடம்பு, ரெண்டு கண்ணும் நீலம்னா பாதிக்கு மேல பிறவியிலேயே காது கேக்காதும்மா" என்றார்.

எனக்குச் சொரேல் என்றது. பஞ்சு சண்டிப் பூனையும் இல்லை, சாதுப் பூனையும் இல்லை. அதற்குக் காது கேட்கவில்லை. குழந்தை ஓடி வரும் சத்தம் தெரியாமல், திடீரென்று மேலே ஒரு பாரம் விழுந்தால் எந்த ஜீவன்தான் பயப்படாது? அந்தக் காது கேட்காத குட்டியைத்தான் லாரி ஓடும் சாலையோரம் விட்டுவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒன்றும் பேசாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதனால்தான் இந்த முறை பெண் பார்க்கப் போவது போல முறையாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று கவரைப்பேட்டைக்கு நானே கிளம்பினேன். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்கள். பூனைக்கு இது ரொம்பப் பொருந்தும்.

முதலில் அந்த வெள்ளைக் குட்டியைப் பார்த்தோம். பார்க்க அழகுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் தாய் எங்கே என்று தெரியவில்லை. வயசு ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்த வயசில் கண்ணின் நிறத்தை வைத்து எதுவும் சொல்லவும் முடியாது. எல்லாப் பூனைக்குட்டிக்கும் பிறந்த புதிதில் கண் நீலம்தான். ஆறு, ஏழு வாரம் ஆன பிறகுதான் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறத் தொடங்கும். அதற்குப் பிறகும் நீலமாகவே நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

எட்டு வாரத்துக்குள் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்காதீர்கள். பன்னிரண்டு வாரம் விட்டால் இன்னும் நல்லது. பால் குடி மறந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் அந்தக் கடைசி வாரங்களில்தான் கூடப்பிறந்ததுகளோடு உருண்டு புரண்டு, எவ்வளவு கடித்தால் வலிக்கும், எப்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. பலமாகக் கடித்தால் மற்ற குட்டி கத்திக்கொண்டு விலகிவிடும், இல்லாவிட்டால் தாய் ஒரு அறை விடும். தனியாக பாட்டில் பால் கொடுத்து வளர்த்த ஒற்றைக் குட்டிக்கு இந்தப் பாடம் கிடைக்காது. அது நம் பிள்ளையின் கையில்தான் பாடம் படிக்கும்.

வயசைப் பார்க்க வாயைத் திறந்து பாருங்கள். ஒரு மாதக் குட்டிக்கு முன் பற்களும் கோரைப் பற்களும்தான் இருக்கும். எட்டு வாரத்தில் கடைவாய்ப் பக்கமும் முளைத்து, பால் பற்கள் மொத்தம் 26 வந்திருக்கும். எடையும் சொல்லிவிடும். நன்றாக வளர்ந்த எட்டு வாரக் குட்டி முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இருக்கும்.

சரி, வேறு குட்டி எங்கே போய்த் தேடுவது? நம் ஊரில் குட்டிக்கா பஞ்சம்! அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்தோம். மூன்று இடம் தெரிய வந்தது. ஒன்று, பழைய இரும்புக் கடைக் குவியலுக்குள் ஒரு பூனை போட்ட குட்டிகள். பத்தடி தூரத்தில் ஆளைப் பார்த்ததுமே உஸ்ஸென்று சீறி மறைந்தன. பாவம், அதுகள் மேல் தப்பில்லை. பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் மனிதர் கை நல்ல கை என்று பூனைக்குட்டியின் மனசில் பதியும் காலம். அந்த வாரங்களில் ஆள் வாசனையே படாத குட்டியைப் பிறகு பழக்குவது பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. நாலு வயசுப் பையன் உள்ள வீட்டுக்குச் சரிப்படாது.

இரண்டாவது, பொன்னேரியில் ஒரு வீட்டில் புசுபுசு முடியோடு பெர்ஷியன் குட்டி, விலைக்கு. முடியைத் தினம் வார வேண்டும், கண்ணைத் தினம் துடைக்க வேண்டும், நம் வெயிலுக்கு ஃபேன் வேண்டும். "எனக்கு என் தலையை வாரவே நேரமில்லை அத்தை" என்றாள் நாத்தனார் மகள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்றாவது இடம்தான் வாய்த்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனி குடோன். அங்கே வாட்ச்மேன் குடும்பத்தோடு இருக்கிறார். அவர் சம்சாரம் கிழிந்த சாக்கு விரித்துக் கொடுத்த மூலையில் பூனை நாலு குட்டி போட்டிருந்தது. ஒன்பது வாரம் ஆகியிருந்தது. அந்த அம்மாவின் இரண்டு பிள்ளைகளும் குட்டிகளைக் கண் திறந்த நாளிலிருந்து தூக்கி வைத்துக் கொஞ்சி வளர்த்திருக்கின்றன. நாங்கள் உள்ளே நுழைந்தபோது தாய்ப் பூனை எழுந்து வந்து என் புடவைக் கொசுவத்தில் உரசியது. பாதி சம்பந்தம் அப்போதே முடிந்துவிட்டது!

"அப்பன் எதுன்னு தெரியுமா?" என்று கேட்டேன். வாட்ச்மேன் சம்சாரம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "என்னாக்கா நீங்க, அதையும் விசாரிப்பீங்களா? கேன்டீன்ல திரியுதே செவப்புக் கடுவன், அதுதான். அது யார் கையில கொடுத்தாலும் சாப்பிடும்க்கா."

நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. இங்கிலாந்தில் சாண்ட்ரா மெக்யூன் என்ற அம்மையார் 1995-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதைத்தான் பார்த்திருக்கிறார். தகப்பன் பூனை தைரியசாலியாக இருந்தால், அதன் முகத்தையே பார்க்காமல் வளர்ந்த குட்டிகளும் புது ஆள், புதுப் பொருளைக் கண்டு அவ்வளவாக மிரளுவதில்லையாம். சின்ன வயசிலேயே கையில் எடுத்துப் பழக்கியிருந்தால் குணம் இன்னும் நன்றாக அமைகிறதாம். ரத்தத்தில் பாதி, வளர்ப்பில் பாதி. ஆனால் ஒன்று, ஒரே ஈற்றுக் குட்டிகளுக்கு வேறு வேறு தகப்பன் இருப்பதும் பூனைகளில் சகஜம். அதனால் குட்டியையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நாங்கள் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். தரையில் உட்கார்ந்துகொண்டு எதையும் கூப்பிடாமல் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். செவலைக் குட்டி ஒன்று முதலில் ஓடி வந்து என் வளையலைக் கடித்து, முந்தானையில் ஏறி, தோள் வரை போய்விட்டது. படு சுட்டி. எல்லாருக்கும் அதன்மேல்தான் கண். (செவலை நிறத்தில் பெரும்பாலும் ஆண்தான் வரும், மூன்று நிறம் கலந்தால் அநேகமாகப் பெண்ணாகத்தான் இருக்கும். அந்த நிறத்துக்கான மரபணு எது என்பதை 2025-ல்தான் திட்டவட்டமாகக் கண்டுபிடித்து வெளியிட்டிருக்கிறார்கள்.) சாம்பலில் கறுப்புக் கோடு போட்ட பெண் குட்டி ஒன்று இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, மெல்ல வந்து விரலை முகர்ந்து, பக்கத்தில் உட்கார்ந்தது. மூன்றாவது தாயின் வயிற்றுக்கடியிலேயே கிடந்தது. நாலாவது சாக்குக்குப் பின்னாலிருந்து வரவே இல்லை.

பிறகு சாவிக்கொத்தைக் கொஞ்ச தூரத்தில் 'டங்'கென்று போட்டேன். நாலும் துள்ளின. நல்லது, நாலுக்கும் காது இருக்கிறது. துள்ளின பிறகு என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள். செவலை சாவிமேலேயே பாய்ந்தது. கோடு போட்டது பின்வாங்கி, அரை நிமிஷத்தில் திரும்ப வந்து சாவியை முகர்ந்தது. சாக்குக்குப் பின்னால் இருந்தது நாங்கள் கிளம்பும் வரை முகம் காட்டவில்லை. சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் தட்டு விழும், ஸ்டூல் விழும், பிள்ளையே விழும். பயந்தாலும் சீக்கிரம் தெளியும் குட்டிதான் அங்கே நிம்மதியாக இருக்கும்.

காதைச் சோதிக்கும்போது குட்டிக்குத் தெரியாமல் பின்னாலிருந்து சத்தம் கொடுங்கள். தரையை மட்டும் தட்டாதீர்கள். காது கேட்காத பூனைக்கும் அதிர்ச்சி பாதத்தில் தெரியும், அதைப் பார்த்து நாம் ஏமாந்துவிடுவோம்.

கடைசியாக ஒவ்வொன்றையும் மடியில் வைத்து, பாதத்தை மெல்லப் பிடித்து, காதைத் தொட்டு, ஒரு கணம் மல்லாக்கப் போட்டுப் பார்த்தேன். செவலை நாலு காலாலும் என் கையைக் கட்டிப்பிடித்துக் கடித்தது, விளையாட்டுக்குத்தான். கோடு போட்டது கொஞ்சம் நெளிந்து, பிறகு தளர்ந்து, குர்குர் என்றது. நாத்தனார் மகளுக்கு மனசு செவலைமேல். "அத்தை, பையனுக்கும் இதுக்கும் ஜோடிப் பொருத்தமா இருக்கும்" என்றாள். "ரெண்டு வாலு ஒரே வீட்டுல இருந்தா உன் கதி என்ன பாப்பா?" என்றேன். பத்து வயசுப் பிள்ளை இருக்கும் வீடாக இருந்தால் நானே செவலையைத் தூக்கிக் கொடுத்திருப்பேன். அந்த வயசில் பந்து போட்டு, நூல் இழுத்து விளையாட்டுக் காட்டத் தெரியும். நாலு வயசுக்கு அடக்கமான குணம்தான் ஏற்றது. கோடு போட்ட குட்டி முடிவாயிற்று.

உடம்பையும் மேலோட்டமாகப் பார்த்தேன். கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக் கூடாது. காதுக்குள் காப்பித்தூள் மாதிரி அழுக்கு இருந்தால் பூச்சி. வயிறு மட்டும் பானையாய் உப்பியிருந்தால் குடற்புழு. வாலுக்கடியில் சுத்தமாக இருக்க வேண்டும். இவையெல்லாம் மருந்தில் தீரக் கூடியவைதான், குட்டியையே ஒதுக்க வேண்டியதில்லை; ஆனால் வீட்டுக்குள் கொண்டு போகுமுன் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்து, தடுப்பூசியும் தொடங்கிவிட வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி மூன்று மாதத்தில்.

அதைச் சொல்லும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை, பூனைக் கடியாலும் பிராண்டலாலும் வரலாம். தடுப்பூசி போடாத குட்டியோ தெருப் பூனையோ பிள்ளையைப் பிராண்டினால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ஊசி இலவசம். இப்போது தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள் என்று நாலு முறை போனால் போதும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடும் வேறு மருந்தும் உண்டு, டாக்டர் சொல்வார். வீட்டுப் பூனைதானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

வீட்டில் என்ன கொடுப்பது? நம்மவர்களுக்குப் பூனை என்றால் பால். தாய்ப்பால் மறந்த குட்டிக்குப் பசும்பால் பெரும்பாலும் வயிற்றைக் கலக்கிவிடும். தண்ணீர் வையுங்கள். பழவேற்காட்டு மீன் வருகிற ஊர் இது. மலிவான மீனை உப்பு, காரம் இல்லாமல் வேகவைத்து, முள் எடுத்துக் கொடுக்கலாம். கோழிக்கறியும் முட்டையும் வேகவைத்துக் கொடுக்கலாம். கடையில் விற்கும் குட்டித் தீனியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மீன் குழம்பு பிசைந்த சோறு வேண்டாம், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். சுத்த சைவ வீட்டுச் சகோதரிகள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. தயிர்ச் சோற்றில் நாய் பிழைக்கும், பூனை பிழைக்காது. மாமிசத்தில் மட்டும் கிடைக்கும் ஒரு சத்து இல்லாவிட்டால் அதற்குக் கண் பார்வையும் இதயமும் கெடும். மாமிசம் கலந்த தீனி வீட்டுக்குள் வரக் கூடாது என்றால் முயல் வளர்க்கலாம்.

எலிக்காகத்தான் பூனை என்றால் எலி மருந்து வைப்பதை நிறுத்திவிடுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் போய்விடும். பினாயில் போட்டுத் துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கிக்கொள்ளும், அதுவும் ஆகாது. பிள்ளைக்கு வாங்கிய பாரசிட்டமால் சொட்டு மருந்தைப் பாவம் காய்ச்சலாயிற்றே என்று பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். கொஞ்சம் போனாலே உயிருக்கு ஆபத்து.

வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்கள் பூனையின் மலத்தை அள்ள வேண்டாம், வேறு யாராவது தினமும் அள்ளிவிடட்டும். அதிலிருக்கும் ஒரு கிருமி ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகுதான் தொற்றக் கூடிய நிலைக்கு வரும்; அன்றன்றைக்கே அள்ளினால் பயம் குறைவு. பச்சைக் கறியும் போடாதீர்கள். இந்த இரண்டையும் கவனித்தால், கர்ப்பம் என்று தெரிந்ததும் பூனையைத் துரத்த வேண்டியதில்லை.

பையனையும் பழக்க வேண்டுமே! குட்டி வருவதற்கு முந்தின நாள் ஒரு துண்டைச் சுருட்டிப் பூனையாக்கி, உள்ளங்கையை விரித்துத் தலையிலிருந்து முதுகு வரை தடவச் சொல்லிக் கொடுத்தோம். வாலைப் பிடிக்கக் கூடாது, தூக்கக் கூடாது, மடியில் தானாக வந்தால்தான் உண்டு. வால் படக் படக்கென்று அடித்தாலோ, காது பின்னால் படிந்தாலோ "போதும்னு சொல்லுது" என்று கையை எடுத்துவிட வேண்டும். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் தொடவே கூடாது. எவ்வளவு சொன்னாலும் நாலு வயசு நாலு வயசுதான். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இரண்டையும் தனியாக விடவில்லை. அவன் கைக்கு எட்டாத அலமாரித் தட்டு ஒன்றைக் காலி செய்து பழைய புடவை விரித்தோம். தொல்லை தாங்காவிட்டால் ஏறிப் போய்ப் படுத்துக்கொள்ளட்டுமே.

குட்டி வந்து மூன்று மாதமாகிறது. முதல் இரண்டு நாள் கிரைண்டருக்குப் பின்னாலிருந்து வெளியே வரவில்லை, யாரும் இழுக்கவில்லை. மூன்றாம் நாள் தானாக வந்து பையனின் காலடியில் உட்கார்ந்ததாம். இதுவரை ஒரு பிராண்டல்தான், அதுவும் இவன் வாலை மிதித்ததற்கு. தடுப்பூசி போட்ட குட்டி என்றாலும் சோப்புப் போட்டுக் கழுவி டாக்டரிடமும் காட்டிவிட்டாள். செவலையை வாட்ச்மேனின் பெரிய பையன் யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டான்.

பூனை நாலு மாதத்திலேயே சினை பிடிக்கக் கூடும் என்பதால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் வேப்பேரிக்குக் கொண்டு போகிறோம். நேற்று இரவு அதைப் பற்றி நாத்தனார் மகளோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "ரயில்ல கூட்டமா இருக்கும். கூடையை நான் தூக்கிட்டு வர்றேன்னு சொல்லு" என்றார்.